பேக்கப்புக்கு எது: சின்ன ஹார்ட் டிஸ்க்கா, மேஜை டிரைவா, எஸ்எஸ்டியா, வீட்டில் கிடக்கும் பழைய டிஸ்க்கா?

போன தீபாவளி ஆஃபர் சமயத்தில், தாம்பரம் பக்கம் முடிச்சூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் மூன்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஒன்று கையடக்க ஹார்ட் டிஸ்க், 2 டிபி. இன்னொன்று அதைவிடச் சின்னதான எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது), 1 டிபி. மூன்றாவது மேஜைமேல் நிற்கிற பெரிய டிரைவ், 8 டிபி. கீழே ஒரே வரி: "அண்ணே, வீட்டு கம்ப்யூட்டருக்கு பேக்கப் எடுக்கணும், இதுல எது?"

"கம்ப்யூட்டர்ல மொத்தம் எவ்வளவு இருக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் பதிலே இல்லை.

வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதே கேள்வியோடு வருகிறார்கள். எல்லாரும் டிரைவின் விலையையும் வேகத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். தங்களிடம் இருப்பதைப் பார்த்துவிட்டு யாரும் வருவதில்லை. அதனால் முதலில் எதை வைத்து முடிவு செய்வது என்று பார்த்துவிட்டு, அப்புறம் டிரைவுகளுக்கு வருவோம்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

அளவு. படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள், டேலி கணக்கு என்று காக்க வேண்டிய கோப்புறைகளின் மொத்த அளவைப் பாருங்கள். அதைப்போல இரண்டு மடங்கு இடமுள்ள டிரைவ் வேண்டும், ஏனென்றால் நல்ல பேக்கப் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும். இன்னொன்று: பெட்டியில் 1 டிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸில் 931 ஜிபிதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

செருகுகிற பழக்கம். மேஜைக்கு அடியில் குனிந்து செருக வேண்டிய டிரைவை மூன்றாவது வாரம் யாரும் செருகுவதில்லை. என் கணக்கில் இதுதான் முதல் இடத்தில் இருக்க வேண்டிய அளவுகோல்.

விழுந்தால், கரண்ட் போனால், திருட்டுப் போனால். இது வீட்டுக்கு வீடு மாறும். நடக்கப் பழகும் குழந்தை இருக்கிற வீடும் யுபிஎஸ் இல்லாத வீடும் ஒன்றல்ல.

டிரைவே கெட்டுப்போனால் உள்ளே இருப்பதை மீட்க முடியுமா. வாரண்டி மூன்று வருஷம் என்பார்கள். அது டிஸ்க்குக்குத்தான், உங்கள் படங்களுக்கு இல்லை. அதுவும் போகட்டும், வாரண்டியில் மாற்றும்போது பழைய டிஸ்க்கைக் கொடுத்துவிட வேண்டும். அதில் ஆதார், பான், பத்திரம் ஸ்கேன் எல்லாம் இருக்கும்.

வேகம். வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்திருக்கிறேன். 500 ஜிபியை ஹார்ட் டிஸ்க்கில் முதல் முறை ஏற்ற, விநாடிக்கு 120 எம்பி வேகத்தில் 70 நிமிடம் ஆகும். சின்னச் சின்னப் படங்களாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம்கூட இழுக்கும். நல்ல எஸ்எஸ்டி கணக்குப்படி பத்து நிமிடத்தில் முடித்துவிடும். ஆனால் இது ஒரு தடவைதான். அடுத்த வாரத்திலிருந்து மாறிய கோப்புகள் மட்டும்தான் போகும். ஒன்றிரண்டு ஜிபிக்கு அரை நிமிடமா ஐந்து விநாடியா என்பதற்காக இரண்டு மடங்கு பணம் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. தவிர, கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அது தருகிற வேகத்துக்குமேல் எந்த எஸ்எஸ்டியும் வாங்கிக்கொள்ள முடியாது. யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் எதுவாக இருந்தாலும் விநாடிக்கு 35, 40 எம்பிதான். அதே 500 ஜிபிக்கு நான்கு மணி நேரம். பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் உள்ளே நீலமாக இருக்கிற துளைதான் யுஎஸ்பி 3. முன்பக்கத்து யுஎஸ்பி 2.0 துளையில் செருகிவிட்டு டிரைவைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

## சின்ன ஹார்ட் டிஸ்க்

சட்டைப்பையில் போகிற 2.5 அங்குல டிஸ்க். தனி மின்சாரம் வேண்டாம், யுஎஸ்பி கேபிளே போதும். 6 டிபி வரை கிடைக்கிறது. ஒவ்வொரு டிபிக்கும் ஆகிற செலவு எஸ்எஸ்டியைவிட மிகக் குறைவு. கெட்டுப்போகும் முன்பு பெரும்பாலும் ஏதாவது அறிகுறி காட்டும்: மெதுவாகும், ஒரு கோப்பு திறக்காது, டிக் டிக் என்று சத்தம் வரும்.

எதிரி ஒன்றுதான்: கீழே விழுவது. சுற்றிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் தட்டின்மேல் மயிரிழையைவிடக் குறைந்த உயரத்தில் மிதக்கிற, படித்து எழுதும் தலை தட்டிலேயே மோதிவிடும். எங்கள் வீட்டில் அக்கா மகளின் காதுகுத்துப் படங்கள் அப்படித்தான் போயின. கேபிளை மேஜை ஓரத்தில் தொங்கவிட்டது நான். தவழ்ந்து வந்து இழுத்தது யார் தெரியுமா, காது குத்திக்கொண்ட அதே நாயகி. டேட்டா மீட்கும் கடையில் புது டிஸ்க் விலையைப்போலப் பல மடங்கு கேட்டார்கள், அதுவும் கிடைத்தால்தான் என்றார்கள். கிடைத்தது பாதி. அன்றிலிருந்து பேக்கப் ஓடும்போது டிஸ்க் தரையில்தான் இருக்கும். தரையிலிருந்து அது எங்கே விழும்?

பெட்டியில் எழுதாத இரண்டு சமாச்சாரம் உண்டு. சில கையடக்க டிஸ்க்குகளில் யுஎஸ்பி துளை டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையிலேயே ஒட்டவைக்கப்பட்டிருக்கும். பழைய மாடல்போல உள்ளேயிருந்து கழற்றி வேறு கேஸில் போட்டுப் பார்க்க முடியாது. துளை ஆடிப்போனாலே மீட்பு வேலை கஷ்டமாகிவிடும். இரண்டாவது, கொள்ளளவு கூடிய சின்ன டிஸ்க்குகள் பெரும்பாலும் ஓடு வேய்ந்ததுபோலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதுபவை. ஒரு தடத்தை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். அதனால் நிறைய அழித்து எழுதும்போது திடீரென்று நத்தை வேகத்துக்கு வந்துவிடும். வாராவாரம் புதியதைச் சேர்க்கிற பேக்கப்புக்கு இது பெரிய தொல்லை இல்லை. நேரடியாக அதிலேயே வீடியோ எடிட் செய்ய நினைத்தால் தொல்லைதான்.

## மேஜை டிரைவ்

3.5 அங்குலம், தனி அடாப்டர். ஒரு டிபிக்கு ஆகும் செலவு, பெரிய கொள்ளளவுகளில் பெரும்பாலும் இதில்தான் குறைவு. கல்யாண வீடியோ எடுக்கிறவர், நாலு கம்ப்யூட்டர் உள்ள குடும்பம், 4 டிபிக்குமேல் தரவு உள்ளவர் இதை வாங்கலாம். மற்றவர்கள் 8 டிபி என்ற எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம்.

இதன் சிக்கல், அது எப்போதும் செருகியே இருக்கும் என்பதுதான். வசதி என்று நினைப்போம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வான்னாகிரை பரவியபோது கம்ப்யூட்டருக்குள் இருந்த கோப்புகளோடு செருகியிருந்த டிரைவுகளில் இருந்தவையும் பூட்டப்பட்டன. இன்றைய ரான்சம்வேரும் அப்படித்தான். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த வைரஸாலும் தொட முடியாது. ஐப்பசி கார்த்திகை இடிமின்னலுக்கும் இதே கதை: ஒரே பிளக் பாயிண்டில் கம்ப்யூட்டரும் பேக்கப் டிரைவும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகலாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு அமைப்பே குழம்பலாம், எனவே யுபிஎஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் அந்த அடாப்டர். இதற்கு 12 வோல்ட். லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். சில சமயம் முனை இரண்டும் ஒரே அளவில் இருந்து தொலைக்கும். அவசரத்தில் மாற்றிச் செருகினால் டிரைவின் பலகை பொசுங்கிவிடும். வாங்கிய அன்றே அடாப்டர்மேல் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

## எஸ்எஸ்டி

சுற்றுகிற தட்டு இல்லாததால் மேஜையிலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வேகம் சொன்னேன். சத்தமில்லை, சூடும் குறைவு. லேப்டாப் மட்டும் வைத்துக்கொண்டு வாடகை அறை, ஊர், அலுவலகம் என்று அலைகிறவருக்கு இதுதான் சரி, ஏனென்றால் பையிலேயே கிடக்கும், செருகவும் சோம்பல் வராது. மேக் வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் கூடுதல் காரணம் உண்டு. 2020-இல் வந்த மேக்ஓஎஸ் பிக் சர் பதிப்பு முதல், மேக்கோடு வரும் பேக்கப் செயலியான டைம் மெஷினின் புதிய டிரைவுகள் ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் கோப்பு முறையில் அமைகின்றன. அந்த முறை எஸ்எஸ்டியை மனதில் வைத்து உருவானது. ஹார்ட் டிஸ்க்கிலும் ஓடும், நிதானமாக.

குறை என்ன? ஹார்ட் டிஸ்க்போல முன்னறிவிப்புக் கொடுப்பது இதன் சுபாவம் இல்லை. நேற்று வேலை செய்தது, இன்று கம்ப்யூட்டருக்கு அது இருப்பதே தெரியாது. உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் போய்விட்டால் மீட்பது கடினம், செலவும் அதிகம்.

இன்னொன்று, பீரோவில் வைத்து வருஷக்கணக்கில் மறந்துவிட ஏற்ற பொருள் இது அல்ல. எஸ்எஸ்டி தரவை மின்னூட்டமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது, அது மெல்லக் கசியும். சிப்புகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளிடம் கேட்பது, எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த நிலையில் 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதே. புது எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் வெப்பம் கூடக் கூடக் கசிவு வேகமாகும்; வேலூர் மே மாதத்தில் மூடிய பீரோவுக்குள் 30 டிகிரி இருக்கும் என்று யார் சொல்வார்கள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செருகி, படித்துப் பார்க்க வேண்டும்.

போலிகளும் இங்கேதான் மலிவு. 16 டிபி எஸ்எஸ்டி என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்பவை, உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துவிட்டு விண்டோஸிடம் பொய் சொல்பவை. நிரம்பியதும் புதியது பழையதன்மேலேயே எழுதப்படும். கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், வந்தவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

## வீட்டில் கிடக்கும் பழைய டிஸ்க்

லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டபோது கழற்றிக் கொடுத்த 500 ஜிபியோ 1 டிபியோ பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கினால் எக்ஸ்டர்னல் டிஸ்க் தயார். கேஸ் கெட்டால் கேஸை மட்டும் மாற்றலாம், இது புது டிஸ்க்குகள் பலவற்றில் இல்லாத சௌகரியம்.

ஒரே நிபந்தனை, இது இரண்டாவது நகலாக மட்டும் இருக்கட்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் பயன்படுத்தலாம். மஞ்சள் என்றால், குறிப்பாக பெண்டிங் செக்டர் (படிக்கத் தடுமாறுகிற இடங்கள்) எண்ணிக்கை சுழியமாக இல்லையென்றால், பாசத்தை விட்டுவிடுங்கள். பழைய டிஸ்க் சில சமயம் பழைய யுஎஸ்பி துளை தருகிற மின்சாரம் போதாமல் சுற்றி நின்று சுற்றி நிற்கும். அதைக் கெட்டுப்போனது என்று முடிவு கட்டும் முன் வேறு துளையில் செருகிப் பாருங்கள். ஃபார்மட் போடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். என் நண்பர் ஒருவருக்குத் தன் அப்பாவின் குரல் பதிவு அங்கேதான் கிடைத்தது.

## ஒரே பார்வையில்

| | சின்ன ஹார்ட் டிஸ்க் | மேஜை டிரைவ் | எஸ்எஸ்டி | பழைய டிஸ்க் + கேஸ் |
|---|---|---|---|---|
| ஒரு டிபிக்குச் செலவு | குறைவு | பெரிய அளவில் மிகக் குறைவு | அதிகம் | கேஸ் விலை மட்டும் |
| விழுந்தால் | ஆபத்து | ஆபத்து | பெரும்பாலும் தப்பும் | ஆபத்து |
| தனி மின்சாரம் | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம் |
| கெடும் முன் அறிகுறி | பெரும்பாலும் | பெரும்பாலும் | அரிது | சோதித்தால் தெரியும் |
| வருஷக்கணக்கில் மூடி வைக்க | பரவாயில்லை | பரவாயில்லை | வேண்டாம் | நம்ப முடியாது |
| மறைந்திருக்கும் செலவு | விழுந்தால் மீட்பு | யுபிஎஸ், அடாப்டர் | போலியில் மாட்டுவது | ஆயுள் தெரியாதது |
| யாருக்கு | பெரும்பாலான வீடுகளுக்கு | வீடியோக்காரர்களுக்கு | அலைகிறவர்களுக்கு | இரண்டாவது நகலுக்கு |

பென் டிரைவ் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஒரு ஃபைலைப் பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோக அது போதும்.

கிளவுட்? அது டிரைவுக்குப் போட்டி இல்லை, இரண்டாவது இடம். கூகுள் போட்டோஸ் கணக்கில்லாமல் இலவசமாக ஏற்ற விட்டது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. இப்போது ஜிமெயிலும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அதோடு, கம்ப்யூட்டரோடு ஒத்திசைகிற கிளவுடில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில நாள் இருக்கும், அவ்வளவுதான்.

## இதைவிட முக்கியமான தேர்வு: எந்தச் செயலி

விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. டிரைவ் செருகியிருக்கும்வரை வழக்கமாக மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை எடுத்து, பழைய பதிப்பையும் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 11-இல் இதைக் கன்ட்ரோல் பேனலில் தேடித்தான் பிடிக்க வேண்டும். செட்டிங்ஸில் பேக்கப் என்று முன்னால் வந்து நிற்பது உங்களை மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவ் பக்கம் கூட்டிப்போகிறது. மேக்கில் யோசிக்கவே வேண்டாம், டைம் மெஷின்தான். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன் வாரத்துக்கொன்று என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

நம் ஊர் கம்ப்யூட்டர்களில் ஃபைல் ஹிஸ்டரி ஒரு இடத்தில் வழுக்கும். அசெம்பிள் செய்து தருகிறவர் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுத்திருப்பார். படங்களும் கணக்கும் எல்லாம் டி-யில் கிடக்கும். ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுப்பது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற பயனர் கோப்புறைகளை மட்டும்தான். டி-யில் இருப்பதை விண்டோஸின் லைப்ரரியில் (பல இடத்துக் கோப்புறைகளை ஒன்றாகக் காட்டும் பட்டியல்) சேர்த்தால்தான் எடுக்கும். டேலியின் தரவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதையும் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். "டி-யில் ஒரு காப்பி போட்டு வச்சிருக்கேன்" என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சி-யும் டி-யும் ஒரே டிஸ்க். வீட்டுக்குள் சுவர் வைத்தால் இரண்டு வீடு ஆகாது.

நேரடியாகக் கோப்புகளாகவே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் நல்லது. அதில் அழிந்த, மாறிய கோப்புகளைத் தனியே எடுத்து வைக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். இயக்காமல் மிரர் (கம்ப்யூட்டரில் இருப்பதுபோலவே டிரைவையும் ஆக்கும் முறை) போட்டால், தவறி அழித்த படம் அடுத்த பேக்கப்பில் டிரைவின் கோப்புறையிலிருந்தும் நீங்கிவிடும்.

ஃபார்மட், அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறை: விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் என்றால் ஏபிஎஃப்எஸ். இரண்டுக்கும் பொதுவென்று எக்ஸ்ஃபேட் போடுகிறவர்கள், சரியாகக் கழற்றாமல் பிடுங்கினால் அது எளிதில் குழம்பும் என்பதையும் டைம் மெஷின் அதை ஏற்காது என்பதையும் தெரிந்துகொண்டு போடட்டும். பூட்டுப் போட பிட்லாக்கர், ஆனால் டிரைவுக்கு அதைப் போட விண்டோஸ் புரோ வேண்டும். ஹோம் பதிப்பு என்றால் வெராகிரிப்ட். கடவுச்சொல்லை அந்தக் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைக்காதீர்கள்.

## தம்பி என்ன வாங்கினான்

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 640 ஜிபி. கடைக் கணக்கு, இரண்டு பிள்ளைகளின் படங்கள், வீட்டுப் பத்திரங்கள்.

அப்போது 2 டிபி எஸ்எஸ்டி ஒன்றின் விலைக்கு ஏறக்குறைய 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்க முடிந்தது. இரண்டு டிஸ்க் வாங்கச் சொன்னேன். ஒளிப்பட நிபுணர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கும் இதைத்தான் கேட்கிறது: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஊடகத்தைப் பற்றி நான் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. வெளியே என்பதில்தான் கண்டிப்பு. முடிச்சூர்க்காரனுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று அவன் சுவரே சொல்லும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிற பேக்கப்புக்கும் அதே உயரம்தான்.

ஒரு டிஸ்க் அவன் வீட்டில், ஞாயிறு காலை டிபன் ஆனதும் செருகுவது, முடிந்ததும் கழற்றுவது. இன்னொன்று தஞ்சாவூரில் சித்தி வீட்டு பீரோவில்; ஊருக்குப் போகும்போதெல்லாம் கையிலிருப்பதைக் கொடுத்து அங்கிருப்பதை எடுத்து வருவான். டிஸ்க்மேல் தேதி எழுதிய ஸ்டிக்கர். கேபிள் டிஸ்க்கோடு ரப்பர் பேண்டில்.

முதல் பேக்கப் முடிந்த அன்று, அந்த டிஸ்க்கைப் பக்கத்து வீட்டு லேப்டாப்பில் செருகி ஐந்து கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஒரு படம், ஒரு வீடியோ, ஒரு பத்திரம், கடைக் கணக்கு, ஏதாவது ஒரு பழைய ஃபைல். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அண்ணே, நாலு திறக்குது. கடைக் கணக்கைக் காணோம்."

"எதுல இருக்கு?"

"டி-யில."

"லைப்ரரியில சேத்தியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மவுஸ் கிளிக் சத்தம் கேட்டது.